கடைசிப் பாட்டுக்கு ஏற்ற ஊசி

ஒரு கார்ட்ரிட்ஜ் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள எல்.பி. தட்டின் முதல் பாட்டை நான் கேட்பதில்லை. பக்கத்தின் கடைசிப் பாட்டில், லேபிளை ஒட்டினாற்போல் இருக்கும் இடத்தில்தான் ஊசியைக் கொண்டுபோய் வைப்பேன். முதல் பாட்டு சுமாரான ஊசியிலும் நன்றாகவே கேட்கும். உள்ளே போகப் போகத்தான் சங்கதி வெளிப்படும். பாடுகிறவரின் ‘ஸ’வும் ‘ஷ’வும் சுத்தமாக நிற்கின்றனவா, கரகரத்துச் சிதறுகின்றனவா, வயலின்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். கார்ட்ரிட்ஜுக்குக் கொடுக்கிற காசில் பெரும்பங்கு அந்தக் கடைசி ஐந்து நிமிடத்துக்காகத்தான் என்பது என் கட்சி.

கோவையில் ஒரு பஞ்சாலையின் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது தெரிந்தவர்களுக்கு டர்ன்டேபிள் பொருத்திக் கொடுக்கிறேன், ஊசி மாற்றிக் கொடுக்கிறேன். கையும் கண்ணும் ஒத்துழைக்கிற வரைக்கும் இதை விடமாட்டேன். சில மாதங்களுக்கு முன்பு பீளமேட்டிலிருந்து ஒரு பல் மருத்துவர் வந்தார். டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200ஜி வாங்கியிருந்தார். 1972-ல் தொடங்கிய வரிசை அது. 2010-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டு 2016-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். பெல்ட் கிடையாது, மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும். அருமையான மெஷின். கார்ட்ரிட்ஜ் மட்டும் அதோடு வராது, தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஆரம்பத்துக்கு இருக்கட்டும் என்று ஆர்டோஃபான் 2எம் ரெட் மாட்டியிருந்தார்.

“மெஷினுக்கே இத்தனை போட்டாச்சுங்ணா. கார்ட்ரிட்ஜும் அதுக்குத் தகுந்த மாதிரி ஒரு மூவிங் காயில் வாங்கிரலாம்னு இருக்கறேன். எதுங்ணா நல்லது?”

“வாங்கலாம் தம்பி. ஆம்ப்ளிஃபயர் என்ன வெச்சிருக்கீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல. அப்புறம் என்னென்ன தட்டு போடறீங்கன்னு சொல்லுங்க.”

ஆம்ப்ளிஃபயரிலேயே போனோ உள்ளீடு இருந்தது, மூவிங் மேக்னட்டுக்கு மட்டும். தட்டுகள் எல்லாம் அவருடைய அப்பா சேர்த்தவை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம், எச்.எம்.வி. வெளியிட்ட கச்சேரித் தட்டுகள், எண்பதுகளில் எக்கோ வெளியிட்ட இளையராஜா எல்.பி.க்கள், மோனோவில் வந்த சினிமா இ.பி.க்கள், போதாக்குறைக்கு ஒரு கட்டு 78 வேகத் தட்டுகள். இந்த இரண்டு பதிலுமே எனக்குப் பாதி வழி காட்டிவிட்டன.

கார்ட்ரிட்ஜ் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தட்டின் பள்ளம் ‘வி’ வடிவில் வெட்டப்பட்டிருக்கும். ஸ்டீரியோ தட்டில் உள்பக்கச் சுவரில் இடது ஒலியும் வெளிப்பக்கச் சுவரில் வலது ஒலியும் நெளிவுகளாகப் பதிந்திருக்கும். இரண்டு சுவர்களும் 45 பாகைச் சாய்வு. ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-லேயே இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார். கடைகளுக்கு ஸ்டீரியோ தட்டு வந்தது 1958-ல். பள்ளத்தில் உட்காரும் வைர முனை அந்த நெளிவுகளுக்கேற்ப ஆடும். அதைத் தாங்குகிற மெல்லிய தண்டுக்குக் கேன்டிலீவர் என்று பெயர். தண்டின் மறுமுனையில் காந்தம் இருந்து, சுருள் அசையாமல் நின்றால் அது மூவிங் மேக்னட். காந்தம் நிற்க, சுருள் ஆடினால் மூவிங் காயில். ஆடுகிற சுருளில் அதிகச் சுற்றுப் போட முடியாது, எடை கூடிவிடும். அதனால்தான் மூவிங் காயிலிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகக் குறைவு. அவருடைய 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட் கொடுக்கும். புகழ்பெற்ற டெனான் டி.எல்.-103 கொடுப்பது 0.3 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட பதினெட்டில் ஒரு பங்கு. அதை அவருடைய ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் இரைச்சலுக்கு நடுவே மெலிதாகத்தான் பாட்டு கேட்கும். மூவிங் காயில் வேண்டுமென்றால் அதற்கென்று தனி போனோ ஸ்டேஜோ, ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ சேர்த்து வாங்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் தரத்துக்கு அதுவும் ஈடுகொடுக்க வேண்டும் என்பதால் செலவு இரட்டிப்பாகும்.

இனி அந்தக் கடைசிப் பாட்டுக்கு வருகிறேன். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியைக் கடக்கிற வேகம் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர். பக்கம் முடிகிற இடத்தில், மையத்திலிருந்து 60 மில்லிமீட்டர் தூரத்தில், அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. ஒரே ஒலியை இப்போது பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுதியாக வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு நெளிவு வெளியே 51 மைக்ரான் நீளம் என்றால் உள்ளே 21 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண உருண்டை முனை ஊசியின் ஆரமோ 15 முதல் 18 மைக்ரான். குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் நீளமான லாரி படுகிற பாட்டைப் பார்த்திருப்பீர்கள். அதே அவஸ்தைதான் இந்த ஊசிக்கும். வளைவுக்குள் முழுதாக இறங்க முடியாமல் மேலோட்டமாக உரசிக்கொண்டு போகிறது. ‘ஸ’ சிதறுவது அதனால்தான். சுப்ரபாதம் மாதிரி ‘ஸ்ரீ’யும் ‘ஷ’வும் நிறைந்த சமஸ்கிருதத் துதியில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும்.

எனவே கார்ட்ரிட்ஜை உயர்த்த நினைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஊசி முனையின் வடிவத்தை. விவரக் குறிப்பில் இரண்டு எண்கள் போட்டிருக்கும். சிறிய எண், வைரம் பள்ளத்தின் போக்கில் எவ்வளவு கூர்மை என்பதைச் சொல்லும். பெரிய எண், சுவரில் மேலும் கீழுமாக எவ்வளவு தூரம் தழுவிக்கொள்கிறது என்பதைச் சொல்லும். சிறியது சிறியதாகவும் பெரியது பெரியதாகவும் இருப்பது நல்லது. 2எம் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெட்டில் 8/18 மைக்ரான் நீள்வட்ட முனை. அடுத்த படியான புளூவிலும் அதே 8/18தான். வித்தியாசம் என்னவென்றால் ரெட்டில் வைரத் துணுக்கு ஓர் உலோகக் காலின் நுனியில் ஒட்டப்பட்டிருக்கும், புளூவில் முழுக் காலுமே வைரம். எடை குறைவதால் ஒலியில் தெளிவு கூடும், மறுக்கவில்லை. வளைவில் நுழைகிற அளவு மட்டும் மாறவில்லை. அதற்கடுத்த பிரான்ஸில் (Bronze) 8/40. தழுவல் நீண்டிருக்கிறது, கூர்மை அதே 8-ல் நிற்கிறது. பிளாக்கில் ஷிபாட்டா முனை, 6/50. எழுபதுகளின் தொடக்கத்தில் ஜே.வி.சி. நிறுவனம் நான்கு ஒலிபெருக்கிகளுக்கான சி.டி.-4 தட்டைக் கொண்டுவந்தபோது பிறந்தது இந்த வடிவம். அந்தத் தட்டில் 30,000 ஹெர்ட்ஸ் அலையொன்றைச் சேர்த்து வெட்டியிருந்தார்கள். அதைப் படிக்கப் பழைய முனைகளுக்குத் திராணியில்லை. நோரியோ ஷிபாட்டா அதற்கென்று புது முனையைச் செதுக்கினார். சி.டி.-4 சீக்கிரமே காணாமல்போனது. அவருடைய முனை தங்கிவிட்டது, நம் சாதாரணத் தட்டுகளின் கடைசிப் பாட்டைக் காப்பாற்றுகிறது.

மருத்துவரிடம் இதைச் சொன்னபோது கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அடுத்த முறை வரும்போது ஒரு சிறிய யூ.எஸ்.பி. நுண்ணோக்கியோடு வந்தார். அவருடைய ரெட்டின் ஊசியையும், என்னிடம் இருந்த ஆடியோ-டெக்னிக்கா ஏ.டி.-வி.எம்.95எம்.எல். ஊசியையும் மாறி மாறி வைத்துப் பார்த்தோம். முன்னதில் சாம்பல் நிற உலோகக் காலும் அதன் நுனியில் மழுங்கலான வைரமும் தெரிந்தன. பின்னதன் நுனியில் இரண்டு பக்கமும் செதுக்கி எடுத்த மெல்லிய விளிம்பு, வெளிச்சத்தைத் திருப்பும்போது ஒரு கோடாக மின்னி மறைந்தது. மைக்ரோலைன் முனை என்பார்கள், கூர்மை சுமார் 3 மைக்ரான். பல்லின் விளிம்பைத் தினமும் பார்க்கிறவருக்கு நான் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டெக்னிக்ஸ் ஆர்மில் கார்ட்ரிட்ஜை, அதைத் தாங்குகிற ஹெட்ஷெல்லோடு சேர்த்துக் கழற்றி மாற்றலாம் என்பது பெரிய வசதி. என் வி.எம்.95எம்.எல்.லை இன்னொரு ஹெட்ஷெல்லில் பொருத்தி, ஊசி அழுத்தத்தை 2 கிராமுக்குச் சரிசெய்து, ரெட்டில் கேட்ட ஓர் எக்கோ எல்.பி.யின் அதே கடைசிப் பாட்டைப் போட்டோம். ரெட்டில் ஜானகியம்மாவின் குரலைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்த கரகரப்பு போயே போய்விட்டது. பின்னணியில் ஒரே கூட்டமாக இரைந்த வயலின்கள் வரிசை வரிசையாகப் பிரிந்தன. அவர் ஊசியைத் தூக்கி மறுபடியும் ஆரம்பத்தில் வைத்தார், பேசவில்லை. ஆனாலும் உச்ச ஸ்தாயியில் ஒரு கூரான சாயல் இருந்தது. அது ஊசியின் குற்றமில்லை, எங்கிருந்து வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

டெனான் டி.எல்.-103 பற்றிக் குறைத்துப் பேசினேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.வுக்காக அறுபதுகளின் தொடக்கத்தில் வடிவமைத்தது, இன்றும் தயாரிக்கிறார்கள். தனிக் குரலையும் வீணையையும் அது காட்டுகிற அழகு எனக்கு உயிர். ஆனால் முனை 16.5 மைக்ரான் உருண்டை. மூவிங் காயில் என்ற பெயருக்காக அதை வாங்கி, கடைசிப் பாட்டில் மறுபடியும் கரகரப்பைக் கேட்டால் இவருக்கு மனசு விட்டுப்போகும். நல்ல முனையோடு வருகிற மூவிங் காயில்கள் நிறைய உண்டு. அவற்றுக்குப் பெரும்பாலும் ஊசி தனியாகக் கிடைக்காது. தேய்ந்தால் முழு கார்ட்ரிட்ஜையும் மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது வெளிநாட்டுக்கு அனுப்பிப் புது முனை வைத்து வாங்க வேண்டும். மூவிங் மேக்னட்டில் ஊசியை மட்டும் விரலால் இழுத்துக் கழற்றிப் புதிதைச் செருகிவிடலாம். தினமும் இரவு உட்கார்ந்து கேட்கிற ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

அடுத்தது ஆர்மோடு பொருத்தம். ஊசியின் ரப்பர் தாங்கலும் ஆர்மின் எடையும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானாக ஆட முயலும். அது 8-லிருந்து 12 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் நிம்மதி. அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டின் ஏற்ற இறக்கம் அதைத் தூண்டிவிடும். மேலே போனால் பாட்டின் அடிநாதத்தில் கைவைக்கும். கணக்கு சுலபம். ஆர்மின் செயல் எடை, கார்ட்ரிட்ஜ் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கூட்டி, நெகிழ்வு எண்ணால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுக்க வேண்டும். டெக்னிக்ஸ் ஆர்ம் சுமார் 12 கிராம், கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்த 2எம் பிளாக் 7.2, திருகு 1. மொத்தம் 20 சொச்சம். நெகிழ்வு 22. வகுத்தால் ஏழரை ஹெர்ட்ஸ் வருகிறது. எல்லைக்குக் கொஞ்சம் கீழேதான். அலுமினியத் திருகு போட்டு எடையை இறக்கினோம். பிறகு வளைந்த இ.பி. ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் வலையைக் கழற்றி வூஃபரைப் பார்த்தோம். அந்த ஒரு தட்டில் மட்டும் லேசாக மூச்சு வாங்கியது. மற்றவற்றில் அசையவில்லை.

அந்தக் கூரான சாயலுக்கு வருகிறேன். மூவிங் மேக்னட்டில் கேபிளின் மின்தேக்கமும் ஆம்ப்ளிஃபயர் உள்ளீட்டின் மின்தேக்கமும் சேர்ந்து உச்ச ஒலியை மாற்றிவிடும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வி.எம்.95 வரிசைக்கு 100 முதல் 200 பிகோஃபாரட் போதும் என்கிறது அதன் குறிப்பு. மருத்துவரின் ஆம்ப்ளிஃபயர் கையேட்டில் உள்ளீடு மட்டுமே 220 என்று இருந்தது. கேபிளோடு சேர்த்தால் 300-ஐத் தாண்டியிருக்கும். அதனால் உச்ச ஒலி துருத்திக்கொண்டது. 2எம் வரிசைக்கு 150 முதல் 300 வரை இடமுண்டு. கேபிளை மட்டும் மின்தேக்கம் குறைந்த குட்டைக் கேபிளாக மாற்றினால் எல்லைக்குள் வந்துவிடும். இப்படித்தான் 2எம் பிளாக் என்று முடிவானது. வேறொருவருடைய ஆம்ப்ளிஃபயருக்கு நான் வி.எம்.95எம்.எல்.லையே சொல்லியிருப்பேன், விலையும் வெகுவாகக் குறைவு. ‘எந்த கார்ட்ரிட்ஜ் சிறந்தது’ என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

பொருத்துகிற வேலையில் அவசரம் கூடாது. ஊசிக்கு மேலுள்ள காப்பு உறையைக் கழற்றாமல்தான் தொடங்குவேன். ஹெட்ஷெல்லிலிருந்து முடி போன்ற நான்கு கம்பிகள் வரும். சிவப்பு வலதின் நேர்முனை, பச்சை வலதின் எதிர்முனை, வெள்ளை இடதின் நேர்முனை, நீலம் இடதின் எதிர்முனை. கம்பியைப் பிடித்து இழுக்காமல், நுனியிலுள்ள குழலைச் சாமணத்தால் பிடித்து கார்ட்ரிட்ஜின் முள்ளில் ஏற்ற வேண்டும். 2எம் உடலிலேயே மரை வெட்டியிருப்பதால் நட்டைப் பிடித்துக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை. ஊசி நுனிக்கும் ஹெட்ஷெல் விளிம்பிலுள்ள ரப்பர் வளையத்துக்கும் இடையே 52 மில்லிமீட்டர் என்பது டெக்னிக்ஸ் கணக்கு. அளவுகோலைப் பெட்டியிலேயே கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கை வேண்டாமென்று வேறு அளவு வைப்பவர்கள் உண்டு. ஆனால் டெக்னிக்ஸின் அளவு, ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்கிற இரண்டு இடங்களில் ஒன்றைத் தட்டின் உள்பகுதிக்குத் தள்ளி வைக்கிறது. கடைசிப் பாட்டுக்குத் தோதானது அதுதான், நான் மாற்றவில்லை. அழுத்தம் 1.4 முதல் 1.7 கிராம் வரை என்கிறார்கள். டிஜிட்டல் தராசில் 1.5 நிறுத்தினோம். ஷிபாட்டா முனை தன் சாய்வு கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளாது. ஆர்மின் உயர வளையத்தை நூலளவு திருப்புவதும், ‘ஸ’வைக் கேட்பதும், மறுபடி திருப்புவதுமாக ஒரு மாலை முழுதும் போயிற்று. இடது வலது சாய்வைச் சரிபார்க்க அவர் தன் பல் பார்க்கும் கண்ணாடியைத் தட்டின் மேல் வைத்து, ஊசியும் அதன் பிம்பமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தார். என்னைவிட அவருக்கு அது சுலபமாக வந்தது.

அப்பாவின் தட்டுகளில் தேய்ந்தவையும் உண்டு. அந்தக் காலத்துப் போர்ட்டபிள் பிளேயர்களின் செராமிக் கார்ட்ரிட்ஜ் உருண்டை முனையோடு பல கிராம் எடையில் பள்ளத்தை அழுத்தி ஓடியது. அது தேய்த்தது சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்தை. நீண்டு தழுவுகிற முனை அதற்கு மேலும் கீழும் தேயாமல் மிஞ்சிய சுவரையும் தொடுவதால் சில தட்டுகள் உயிர்பெற்றன, சில பெறவில்லை. மோனோ இ.பி.க்களுக்கு ஆம்ப்ளிஃபயரின் மோனோ பொத்தானை அழுத்தச் சொன்னேன். அவற்றில் பாட்டு பக்கவாட்டு நெளிவில் மட்டுமே இருக்கிறது, மேலும் கீழுமான அசைவில் வருவதெல்லாம் இரைச்சல். பொத்தானை அழுத்தினால் அது கழிந்துவிடும். எந்தத் தட்டையும் காய்ச்சி வடித்த நீரில் கழுவிக் காயவைத்த பிறகே இந்த ஊசியின் கீழ் வைக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டார். ஆடியோ-டெக்னிக்கா தன் ஊசிகளுக்குக் கொடுக்கும் கணக்கைச் சொன்னேன்: நீள்வட்டம் 300 மணி நேரம், உருண்டை 500, ஷிபாட்டா 800, மைக்ரோலைன் 1,000. ஓர் எல்.பி. நாற்பது நிமிடம் என்று வைத்தால் 800 மணி நேரத்தில் 1,200 தட்டுகள் கேட்கலாம். இன்னொன்றும் சொன்னேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று பல வருடம் கடை அலமாரியில் கிடந்த பழைய ஊசியை வாங்கக் கூடாது. வைரம் புதிதாகவே இருக்கும், உள்ளே இருக்கும் ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

மிச்சமிருப்பது அந்த 78 கட்டு. பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் அதில் இருக்கிறார்கள். நம் நாட்டில் 78 தட்டு அறுபதுகளிலும் ஓடியது, பீட்டில்ஸ் பாட்டுகளே இங்கே 78-ல் வந்திருக்கின்றன. அரக்குத் தட்டின் பள்ளம் மூன்று நான்கு மடங்கு அகலம் என்பதால் பிளாக்கின் ஊசி அதன் அடியில் போய்க் கிடக்கும், அதைத் தொடவே விடக் கூடாது. வி.எம்.95 உடலில் செருகக்கூடிய எஸ்.பி. என்ற ஊசி இதற்கென்றே இருக்கிறது. 76 மைக்ரான் முனை, அழுத்தம் 5 கிராம். என் வி.எம்.95 உடலையும் அந்த ஹெட்ஷெல்லையும் அவரிடமே கொடுத்துவிட்டேன், ஊசியை மட்டும் வரவழைத்திருக்கிறார். 1200ஜி-யில் 33, 45 பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால் 78 ஓடும். போனோ உள்ளீட்டிலுள்ள ஆர்.ஐ.ஏ.ஏ. ஒலிச் சமனாக்கம் 1954-ல் வந்தது, இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. அப்படியே போட்டால் குரல் மங்கும். ட்ரெபிளை எவ்வளவு ஏற்றுவது என்பதைத் தட்டுக்குத் தட்டு காதால் கேட்டுத்தான் வைக்க வேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.